விடுதி வெகுமதிப் புள்ளிகள்: வரலாறும் மதிப்புக் கணக்கும்

விடுதி வெகுமதிப் புள்ளிகள் என்பவை, ஒரு விடுதிக் குழுமம் தன்னிடம் மீண்டும் மீண்டும் வந்து தங்குவோரின் கணக்கில் வரவு வைக்கும் எண்கள் ஆகும். பேச்சு வழக்கில் இவை 'ரிவார்டு பாயிண்ட்' எனப்படுகின்றன. போதிய புள்ளிகள் சேர்ந்ததும் அவற்றைக் கொடுத்துப் பணம் கட்டாமல் அறை எடுக்கலாம். ஆனால் ஒரு குழுமத்தின் 10,000 புள்ளிகளும் வேறொரு குழுமத்தின் 10,000 புள்ளிகளும் ஒரே மதிப்புடையவை அல்ல. ஒரே குழுமத்தின் புள்ளிகளுக்கும் இந்த ஆண்டு இருந்த மதிப்பு அடுத்த ஆண்டு இருக்கும் என்று சொல்ல முடியாது. இப்புள்ளிகள் தோன்றிய வரலாற்றையும், அவற்றின் மதிப்பை ஒப்பிட்டுப் பார்க்கும் முறையையும், அந்த மதிப்பை யார் தீர்மானிக்கிறார் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இரு நாணயங்கள் சந்தித்த எல்லை

இருவேறு அலகுகளின் மதிப்பை ஒப்பிடுவது தென்காசி வட்டாரத்துக்குப் புதிதன்று. கடையம், தென்காசி, குற்றாலம் ஆகிய ஊர்கள் பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே பிரிட்டிஷ் இந்திய ரூபாய், அணா, பைசா வழங்கின. தென்காசிக்கு மேற்கே உள்ள செங்கோட்டை திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருவிதாங்கூருக்கு எனத் தனி நாணயம் உண்டு. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் ரூபாய்.

பிரிட்டிஷ் ரூபாயோ 28 சக்கரம் 8 காசுக்குச் சமம். அப்படியானால் ஓர் அணாவுக்கு எத்தனை சக்கரம்? 1 சக்கரம் 12½ காசு. முழு எண்ணாக வராத இக்கணக்கைப் போட்டால்தான் எல்லைக்கு அப்பால் விற்கும் பொருள் மலிவா, விலை கூடியதா என்று தெரியும். கணக்கு சற்றுச் சிக்கலானதுதான். ஆனாலும் விகிதம் அரசு அறிவித்த விகிதம், எல்லோருக்கும் பொது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டு விடுதிப் புள்ளிகளுக்கு வருவோம்.

ஒட்டுவில்லையிலிருந்து மைல் வரை

வாடிக்கையாளரைத் தக்கவைக்க வெகுமதி தரும் முறை அமெரிக்கச் சில்லறைக் கடைகளில் வளர்ந்தது. 1896இல் தொடங்கப்பட்ட ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் நிறுவனம் பச்சை நிற ஒட்டுவில்லைகளை அச்சிட்டுக் கடைக்காரர்களுக்கு விற்றது. 10 சென்ட்டுக்குப் பொருள் வாங்குபவருக்குக் கடைக்காரர் ஒரு வில்லை கொடுப்பார். அவற்றைச் சிறு புத்தகத்தில் ஒட்ட வேண்டும். 1,200 வில்லைகள் ஒட்டினால் ஒரு புத்தகம் நிறையும். நிறைந்த புத்தகங்களைக் கொடுத்து விளக்கு, தட்டு, நாற்காலி போன்ற பொருள்களைப் பெறலாம். ஒரு புத்தகம் நிறைய 120 டாலர் செலவழிக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டால், வெகுமதிக்குப் பின்னால் எவ்வளவு வாங்குதல் நடந்திருக்கிறது என்பது புரியும்.

ஒரு வில்லையின் உண்மை மதிப்பு என்ன என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பிரிட்டன் 1964இல் வணிக ஒட்டுவில்லைகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின்படி வில்லையின் மீது அதன் பண மதிப்பை அச்சிட வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் கேட்டால் அதைப் பணமாகவும் தர வேண்டியிருந்தது.

1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒட்டுவில்லையின் இடத்தைப் பறந்த தொலைவு பிடித்தது. மைல்கள் கணினியில் வரவு வைக்கப்பட்டன. சில நாள்களிலேயே யுனைடெட் ஏர்லைன்ஸும் அதைப் பின்பற்றியது. 1983இல் ஹாலிடே இன், மேரியட் ஆகிய விடுதிக் குழுமங்கள் தத்தம் திட்டங்களைக் கொண்டுவந்தன. ஹில்டன் 1987இலும் ஸ்டார்வுட் 1999இலும் சேர்ந்துகொண்டன. அலுவலகச் செலவில் ஊர் ஊராகச் செல்பவர் எந்த விடுதியில் தங்குவது என்பதைத் தாமே தேர்ந்தெடுப்பார்; வாடகையை அலுவலகம் கட்டும்; புள்ளி அவர் கணக்கில் சேரும். இத்திட்டங்கள் விரைவாகப் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தமிழ்நாட்டில்

வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது நம் நாட்டில் நெடுங்காலம் அறமாகவே கருதப்பட்டது. மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் கட்டிய சத்திரங்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்கின்றன. சத்திரத்தில் தங்கியவருக்குப் புள்ளியும் இல்லை, வாடகையும் இல்லை. விடுதி பெருந்தொழிலாக மாறியபோது நிலைமை வேறானது. ஐடிசி நிறுவனத்தின் முதல் விடுதியான 'சோழா' 1975 அக்டோபர் 18 அன்று சென்னையில் திறக்கப்பட்டது. அதே குழுமத்தின் ஐடிசி கிராண்ட் சோழா 2012இல் கிண்டியில் தொடங்கியது. இது ஸ்டார்வுட்டின் 'லக்சுரி கலெக்‌ஷன்' வரிசையில் இடம்பெற்றதால், சென்னையில் தங்கியவரும் உலகளாவிய திட்டமொன்றில் புள்ளி சேர்க்க முடிந்தது.

தாஜ் விடுதிகளின் 'இன்னர்சர்க்கிள்' திட்டம் இந்தியாவில் பலரும் அறிந்தது. டாடா குழுமம் 2022 ஏப்ரல் 7 அன்று 'டாடா நியூ' செயலியை வெளியிட்ட பிறகு, அத்திட்டம் 'நியூகாயின்' முறையோடு இணைந்தது. ஒரு நியூகாயின் ஒரு ரூபாய்க்குச் சமம்.

நிலைப்புள்ளியும் மிதக்கும் புள்ளியும்

புள்ளிகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்பது ஒப்பிடுவதற்கு எளிது.

முதல் வகை, மதிப்பு முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட நிலைப்புள்ளி. நியூகாயின் இதற்கு எடுத்துக்காட்டு. பிரான்ஸின் அக்கோர் குழுமத்தின் புள்ளியும் இவ்வகையே. 2,000 புள்ளிகளுக்கு 40 யூரோ கழிவு கிடைக்கும். சென்னையிலுள்ள நோவோடெல், ஐபிஸ் விடுதிகள் இக்குழுமத்தைச் சேர்ந்தவை.

இரண்டாம் வகை, மிதக்கும் புள்ளி. மேரியட், ஹில்டன் போன்றவற்றின் புள்ளிகள் இவ்வகையின. ஒரு புள்ளிக்கு இவ்வளவு பணம் என்று நிறுவனம் சொல்வதில்லை. ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இத்தனை புள்ளிகள் என்று மட்டுமே சொல்லும். மதிப்பை நாம்தான் கணக்கிட வேண்டும்.

மதிப்பைக் கணக்கிடுவது எப்படி?

ஏழாம் வகுப்பு விகிதக் கணக்கே இதற்குப் போதும். பணம் கொடுத்தால் ஆகும் மொத்தச் செலவை, கேட்கப்படும் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

'அ' என்ற விடுதியில் ஒரு நாள் வாடகை 8,000 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 18 விழுக்காடும், அதுவரையான அறைக்கு 5 விழுக்காடும் சரக்கு சேவை வரி உண்டு. எனவே மொத்தம் 9,440 ரூபாய். அதே அறைக்கு 20,000 புள்ளிகள் கேட்கிறார்கள். 9,440ஐ 20,000ஆல் வகுத்தால் ஒரு புள்ளி 47.2 பைசா.

'ஆ' என்ற விடுதியில் வாடகை 6,000 ரூபாய், வரியோடு 6,300. புள்ளியில் எடுத்தால் 9,000. இங்கே ஒரு புள்ளி 70 பைசா.

இதைப் பார்த்ததும் 'ஆ'வின் திட்டமே சிறந்தது என்று தோன்றும். அது அவசர முடிவு. புள்ளி எவ்வளவு எளிதாகச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 'அ' 100 ரூபாய் வாடகைக்கு 10 புள்ளிகள் தருகிறது. 'ஆ' 5 புள்ளிகள் தருகிறது என்று கொள்வோம். 'அ'வில் 100 ரூபாய் செலவழித்தால் திரும்பக் கிடைப்பது 4 ரூபாய் 72 பைசா. 'ஆ'வில் 3 ரூபாய் 50 பைசாதான். புள்ளியின் மதிப்பு குறைவாக இருந்தும் 'அ'வே கூடுதலாகத் தருகிறது. சக்கரத்தையும் அணாவையும் ஒப்பிடும்போது கையில் எந்த நாணயம் கனமானது என்று பார்த்துப் பயனில்லை. எவ்வளவு அரிசி கிடைக்கும் என்றுதான் பார்க்க வேண்டும்.

மேலும் மூன்று திருத்தங்கள் உண்டு.

ஒன்று: பணம் கொடுத்துத் தங்கினால் புதிய புள்ளிகள் சேரும், புள்ளி கொடுத்துத் தங்கினால் சேராது. 'அ'வில் 8,000 ரூபாய்க்கு 800 புள்ளிகள் இழப்பாகின்றன. ஆகவே 20,800ஆல் வகுக்க வேண்டும். மதிப்பு சுமார் 45 பைசாவாகக் குறையும்.

இரண்டு: சலுகைகள் மதிப்பைக் கூட்டும். மேரியட் திட்டத்தில் ஐந்து இரவுகளைச் சேர்த்துப் புள்ளியில் எடுத்தால் நான்கு இரவுகளுக்கான புள்ளிகள் போதும். இதே சலுகை 'அ'வில் இருந்தால், 47,200 ரூபாய் மதிப்புள்ள தங்கலுக்கு 80,000 புள்ளிகள். முதல் கணக்கின்படி பார்த்தால் ஒரு புள்ளி 59 பைசா ஆகிவிடும்.

மூன்று: இதுவே முக்கியமானது. புள்ளி இல்லாவிட்டால் அந்த 9,440 ரூபாயை நாம் உண்மையில் செலவழித்திருப்போமா? வரியோடு 2,625 ரூபாய் வாங்கும் சுத்தமான லாட்ஜே நமக்குப் போதும் என்றால், 20,000 புள்ளிகள் நமக்கு மிச்சப்படுத்தியது 2,625 ரூபாய் மட்டுமே. அப்போது ஒரு புள்ளியின் மதிப்பு 13 பைசாதான். விளம்பரத்தில் வரும் மதிப்பு அறையின் விலைப்பட்டியலைப் பொறுத்தது. நமக்கு உரிய மதிப்பு நம் தேவையைப் பொறுத்தது.

சாரல் காலத்தை வைத்து ஒரு விளக்கம்

குற்றாலத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலம். அருவிகளில் நீர் கொட்டும்போது அறை வாடகையும் ஏறும். அருவி வறண்டதும் வாடகை இறங்கும். ஐந்தருவிக்கு வந்துபோன எவரும் இதை அறிவார்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு விடுதி ஆண்டு முழுவதும் ஓர் அறைக்கு 10,000 புள்ளிகள் என்று நிலையான அட்டவணை வைத்திருப்பதாகக் கொள்வோம். சாதாரண நாளில் வாடகை 2,000 ரூபாய் என்றால் ஒரு புள்ளி 20 பைசா. சாரல் காலச் சனிக்கிழமையில் வாடகை 5,000 ரூபாய் என்றால் அதே புள்ளி 50 பைசா. விவரம் தெரிந்தவர் சாரலுக்காகப் புள்ளியைச் சேமித்து வைப்பார். பழைய திட்டங்களின் கவர்ச்சி இதில்தான் இருந்தது.

நிறுவனங்களும் இதைக் கவனித்தன. ஹில்டன் 2017இலும் மேரியட் 2022இலும் நிலையான அட்டவணையைக் கைவிட்டன. இப்போது வாடகை ஏறினால் கேட்கும் புள்ளியும் ஏறும். வாடகை கூடிய நாளில் புள்ளியைப் பயன்படுத்தி ஆதாயம் பெறும் வழி பெரிதும் சுருங்கிவிட்டது.

எண்ணும் மதிப்பும்

மேரியட் 2016 செப்டம்பரில் ஸ்டார்வுட்டை வாங்கியது. 2018 ஆகஸ்ட் 18 அன்று இரு திட்டங்களும் ஒன்றாயின. 2019இல் 'பான்வாய்' என்ற பெயர் வந்தது. ஒரு ஸ்டார்வுட் புள்ளிக்கு மூன்று மேரியட் புள்ளிகள் கொடுக்கப்பட்டன. கணக்கில் 10,000 வைத்திருந்தவர் ஒரே நாளில் 30,000 உடையவரானார். ஆனால் அவர் செல்வம் மும்மடங்கு ஆகவில்லை. அலகு மட்டுமே மாறியது. 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் தசம நாணயம் வந்தபோது, ஒரு ரூபாய்க்கு 64 பைசா என்பது 100 புதுப் பைசா ஆனது. அதனால் யாரும் பணக்காரர் ஆகிவிடவில்லை.

எண் மாறாமலே மதிப்பு குறைவதும் உண்டு. நேற்று 20,000 கேட்ட அறைக்கு இன்று 25,000 கேட்டால், நம் கணக்கில் ஒரு புள்ளியும் குறையவில்லை. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு மதிப்பு போய்விட்டது. இதற்குக் காரணம் கணக்கேட்டில் இருக்கிறது. வழங்கப்பட்டு இன்னும் பயன்படுத்தப்படாத புள்ளிகள் நிறுவனத்தின் கணக்கில் ஒரு பொறுப்பாக, அதாவது கடன்போல, நிற்கின்றன. கேட்கும் புள்ளிகளைக் கூட்டும்போது அந்தக் கடனின் உண்மைச் சுமை குறைகிறது. கடன்பட்டவரே கடனின் அளவையும் தீர்மானிக்கும் ஏற்பாடு இது. திட்டத்தின் விதிகளில் அதற்கு நாம் ஒப்புதல் கொடுத்தே சேர்ந்திருக்கிறோம்.

சேவையே நின்றுபோவதும் உண்டு. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. அதன் மைல்களை வைத்திருந்தோர் அந்நிறுவனத்தின் விமானத்தில் ஏறும் வாய்ப்பை இழந்தனர். மைல்கள் கணக்கில் இருந்தன, விமானம்தான் இல்லை.

சட்டம் தலையிட்ட இடம்

தமிழர்கள் பெருமளவில் வாழும் டொரன்டோ நகரம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ளது. அங்கே பரவலாக வழங்கிய 'ஏர் மைல்ஸ்' திட்டம், பழைய புள்ளிகள் 2016 இறுதியில் காலாவதியாகும் என அறிவித்திருந்தது. மக்களின் எதிர்ப்பு வலுத்தது. நிறுவனம் அம்முடிவைக் கைவிட்டது. காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் புள்ளிகளைச் செல்லாதவை ஆக்கக் கூடாது என ஒன்ராறியோ சட்டம் இயற்றியது. ஆயினும் ஒரு புள்ளிக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அச்சட்டம் வரையறுக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் பிரிட்டன் சட்டம் ஒட்டுவில்லையின் மீது பண மதிப்பை அச்சிடச் செய்ததோடு ஒப்பிட்டால், இந்த வேறுபாடு விளங்கும்.

முடிவுரை

கடையம் போன்ற ஊரில் இத்தகைய பன்னாட்டு விடுதி ஏதும் இல்லை. ஆனால் அங்கிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குச் சென்ற பிள்ளைகளின் கைப்பேசியில் இப்புள்ளிகள் இருக்கின்றன. கடன் அட்டையின் வழியாகவும் சேர்கின்றன. அவர்களுக்கு இந்த வரலாறு சொல்லும் செய்தி எளியது. புள்ளி சேமிப்பு அன்று. வங்கியில் இட்ட பணம் வட்டியோடு வளரும். புள்ளி கிடக்கக் கிடக்கத் தேயும். புள்ளிக்காக ஒரு நாள் கூடுதலாகத் தங்குவதும், தேவையற்ற செலவு செய்வதும் இழப்பே. சேர்ந்ததை மேற்சொன்ன வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்த்து, நல்ல மதிப்பு கிடைக்கும்போது செலவழித்துவிடுவதே அறிவுடைமை.

செங்கோட்டை எல்லையில் சக்கரத்தை மாற்றியவருக்கு 28 சக்கரம் 8 காசு என்ற விகிதம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. மிதக்கும் புள்ளி வைத்திருப்பவருக்கு அந்த உறுதி இல்லை. ஆகவே அவருடைய கணக்கை அவரே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.