மலையகச் சிறுநகரங்களின் மரபுக் கட்டடங்கள்

நுவரெலியா மாவட்டத்தின் பூண்டுலோயா போன்ற தோட்டப்புறக் கடைவீதிகளைப் புதுப்பிக்கும்போது பழைய கட்டடங்களுக்குச் சட்டத்தின் துணை குறைவு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றையே தானாகப் பாதுகாக்கிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது. கோப்பித் தோட்டங்களும், 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கையும் அதற்குப் பிந்தியவை. ஆகவே தொழிற்சாலை, கடைவரிசை, தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயம் எதுவானாலும் தனி வர்த்தமானி அறிவித்தல் தேவை. 1894இல் கட்டப்பட்ட நுவரெலியா தபாலகத்தை ஹோட்டலாக்கும் திட்டத்தை 2023 நவம்பரில் தடுக்க முனைந்தது சட்டமல்ல, தபால் ஊழியர்களின் வேலைநிறுத்தம்தான்.

பழையதைக் காத்தால் வருமானம் வராது என்பார்கள்; அப்படியல்ல. கந்தப்பளையில் மூடிக்கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலானது. ஹந்தானைத் தொழிற்சாலை 2001இல் அருங்காட்சியகமானது. ஆனால் பெருமுதல் தேவைப்படும் இந்த வழி சிறு கடைக்காரருக்கு உதவாது. அவருக்கு வேண்டியது கூரையையும் முகப்பையும் பழுதுபார்க்கச் சிறு கடன், கொஞ்சம் வரிச்சலுகை. லயங்களைப் பற்றிய மறுப்பு வருமானம் பற்றியதைவிடக் கனமானது: ஒடுக்குமுறையின் சின்னத்தை ஏன் காக்க வேண்டும்? குடியிருப்போருக்குக் காணியும் தனி வீடும் முதலில் கிடைக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. அதன் பின் ஒரு லயத்தையாவது காத்துவைக்காவிட்டால், தோட்டத் துரையின் பங்களா மட்டுமே மலையக வரலாறாக எஞ்சும்.