செவிலியையும் கணக்கில் கொண்ட முடிவு

1716இல் மேரி வொர்ட்லி மாண்டேகு என்ற ஆங்கிலப் பெண், ஆட்டோமன் அரசுக்குத் தூதராகச் சென்ற கணவருடனும் மூன்று வயது மகனுடனும் லண்டனைவிட்டுப் புறப்பட்டார். பெரியம்மை அவருடைய தம்பியைக் கொன்றிருந்தது. 1715இல் அவர் முகத்திலும் வடுக்களை விட்டுச் சென்றிருந்தது.

துருக்கியில் அவர் கண்டது பெண்கள் கையிலிருந்த மருத்துவம். வெயில் தணிந்த செப்டம்பரில் 15, 16 பேர் ஓரிடத்தில் கூடுவார்கள். மூதாட்டி ஒருத்தி கொட்டை ஓட்டில் அம்மைச் சீழ் கொண்டுவந்து, ஊசியால் தோலைக் கீறி வைப்பாள். இலேசாக அம்மை கண்டு இறங்கும். பிறகு அந்த நோய் அண்டாது.

1718 மார்ச்சில், கணவர் வெளியூரில் இருந்தபோது, மேரி தன் மகனுக்கு அம்மை குத்தச் செய்தார். ஒரு கையில் கிரேக்க மூதாட்டியின் ஊசி, மறு கையில் தூதரக மருத்துவர் சார்லஸ் மெய்ட்லண்டின் கத்தி. கணவருக்குச் செய்தி பிறகுதான் போனது. கைக்குழந்தையான மகளுக்கு மட்டும் குத்தவில்லை. காரணத்தையும் அவரே எழுதினார்: பாலூட்டும் செவிலிக்கு அதுவரை அம்மை கண்டதில்லை. குத்திய அம்மையும் பிறருக்குத் தொற்றும். அக்கறை செவிலியின் உயிர்மீதா, அவளுடைய பால்மீதா என்று நாம் கேட்கலாம். ஆனாலும் அந்த முடிவில் அவள் உடலும் ஒரு கணக்காக இருந்தது.

கென்யா செல்வதற்காக எங்கள் வீட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றிப் பேசியபோது அந்தச் செவிலியை நினைத்தேன். பயணத்துக்கு 10 நாள் முன்பே போடவேண்டும், சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும் என்றெல்லாம் ஆண்கள் சரியாகவே சொன்னார்கள். தம்பி மனைவி பாலூட்டுகிறாள் என்பதை அம்மாதான் எடுத்துச் சொன்னார். வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸால் ஆனது அந்த மருந்து. தாய்ப்பால் வழியே சிசுவுக்குப் போகக்கூடும். 9 மாதம் நிறையாத குழந்தைக்கு அதைப் பொதுவாகப் போடுவதுமில்லை. மருத்துவரைக் கேட்டுப் பயணத்தையே ஓராண்டு தள்ளிவைத்தோம்.

1721 ஏப்ரலில், அம்மை பரவிய லண்டனில், மேரி மகளுக்கும் குத்தச் செய்தார். அரச குடும்பத்துக் குழந்தைகளுக்குக் குத்துமுன், அதே ஆண்டு ஆகஸ்டில், நியூகேட் சிறைக் கைதிகள் 6 பேர்மீது சோதித்தார்கள். 3 பேர் பெண்கள். இசைந்ததற்குக் கூலி விடுதலை.

தடுப்பூசி வரலாற்றை நம் பாடநூல்கள் 1796இல், ஜென்னரிடமிருந்து தொடங்குகின்றன. அதற்கு 78 ஆண்டுகள் முன்பே, தூதர் வீட்டில் ஊசி பிடித்த மூதாட்டியிடமிருந்தும் பால் கொடுத்த செவிலியிடமிருந்தும் நாம் தொடங்கலாம்.