கல்லூரி காணாத கொத்தனார்களிடம் கற்ற பட்டதாரி

மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே, 1968-இல் நிறுவப்பட்ட ஆரோவில்லின் பார்வையாளர் மையம் அழுத்திய மண்கற்களாலான வளைவுகளைக் கொண்டது. 1992-இல் அதற்கு ‘ஏழைகளுக்கான கட்டடக்கலை’ என்னும் ஹசன் ஃபத்ஹி விருது வழங்கப்பட்டது. அவ்விருதுக்குப் பெயர் தந்தவர் எகிப்து நாட்டு முஸ்லிம் கட்டடக்கலைஞர். அவருடைய வரலாற்றில் நம் சமுதாயத்திற்கு ஒரு படிப்பினை உண்டு.

கெய்ரோவில் 1926-இல் பட்டம் பெற்ற ஹசன் ஃபத்ஹி, மரமும் இரும்பும் வாங்க இயலாத எளியோருக்கு மண்ணால் வீடு கட்ட விரும்பினார். சென்ட்ரிங் இன்றி அவர் எழுப்ப முயன்ற வளைகூரைகள் இடிந்து விழுந்தன. 1941-இல் அஸ்வான் பகுதிக்குச் சென்றபோது, நூபியக் கொத்தனார்கள் அதனை எளிதாகச் செய்வதைக் கண்டார். வைக்கோல் மிகுதியாகக் கலந்த இலேசான கற்களை, மண்சாந்து பூசி, பின்சுவரின்மீது சாய்வாக வரிசை வரிசையாக ஒட்டிச் சென்றனர். கல்லூரி கற்பிக்காத அக்கலையைத் தம் முன்னோரிடம் அவர்கள் கற்றிருந்தனர். பட்டதாரி அவர்களுக்கு மாணவரானார். 1945-இல் தொடங்கிய புதிய குர்னா கிராமத்தின் பள்ளிவாசல் அம்முறையிலேயே உயர்ந்தது. அந்நூபிய முறையை, 1989-இல் தொடங்கப்பட்ட ஆரோவில் மண் கட்டடப் பயிற்சி நிறுவனம் இன்று பல நாட்டவருக்கும் கற்பித்து வருகிறது.

கைத்தொழிலை மார்க்கம் ஒருபோதும் தாழ்த்தியதில்லை. நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டினார்கள். தாவூத் (அலை) அவர்கள் இரும்புக் கவசம் செய்தார்கள். வக்ஃபுச் சட்டம் பற்றி நூல் எழுதிய ஹனஃபி அறிஞர் அல்-கஸ்ஸாஃப் (ரஹ்) காலணி தைத்து உண்டவர். அத்தொழிலே அவருக்குப் பெயராயிற்று.

2001 கணக்கெடுப்பின்படி தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரி 73.5. ஆயினும் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தும் பிள்ளைகள் நம் மஹல்லாக்களில் உள்ளனர். ‘படிப்பு வராதவன்’ என்று முத்திரை குத்தி, தொழில் எதுவும் கற்பிக்காமலேயே அவர்களைக் கடைக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பிவிடுகிறோம். ஐ.டி.ஐ. சேர்க்கைத் தகுதியை எட்டாம் வகுப்பாகக் குறைக்கவும், மதரஸா மாணவர்களுக்கும் தொழிற்பயிற்சி வாயிலைத் திறக்கவும் 2006-இல் சச்சார் குழு பரிந்துரைத்தது.

பிள்ளை மேற்படிப்புக்குச் செல்வதே நம் முதல் விருப்பமாக இருக்கட்டும். இயலாதவனுக்கோ ஒரு தொழிலை முறையாகக் கற்பிப்பது ஜமாஅத்தின் பொறுப்பு. தொழில் அறிந்த ஏழைக்குக் கருவி வாங்க ஜகாத் வழங்கலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். அந்த நிதி ஒரு கொத்தனாரின் கரணையாகவும் ஒரு மின்பணியாளரின் கருவிப் பெட்டியாகவும் மாறுமானால், இன்று ஜகாத் பெறும் கை நாளை ஜகாத் கொடுக்கும் கையாகும், இன்ஷா அல்லாஹ்.