கொலோன் நீரும் கழுத்துக் கறையும்

காய்ச்சலாற் படுத்திருப்பவரின் நெற்றியில் ஓடிக்கொலோன் தோய்த்த துணியை இடுவது நம் நாட்டு வீடுகளில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். அந்த வாசனை நீரின் வரலாற்றினுள், மனிதர் தோலிற் படிந்த ஒரு கறையின் வரலாறும் அடங்கியுள்ளது. அதனையே இன்று நேயர்களுக்குக் கூற விழைகின்றேன்.

இத்தாலியிற் பிறந்து, இன்றைய ஜேர்மனியிலுள்ள கொலோன் நகரிற் குடியேறிய யொகான் மரியா பரீனா என்பார், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நீரை ஆக்கினார். அவருடைய வணிக நிலையம் 1709ஆம் ஆண்டில் தோன்றியது. தாம் வாழ்ந்த நகரின் பெயரையே அவர் அந்நீருக்குச் சூட்டினார். கஸ்தூரி முதலிய கனத்த வாசனைகளுக்குப் பழகியிருந்த ஐரோப்பியச் செல்வருக்கு அதன் மெல்லிய மணம் பெரிதும் உவப்பாயிற்று. அம்மணத்தைத் தந்த பொருள்களுள் தலையாயது பேர்கமொட் எண்ணெய். தென்னித்தாலியின் கலாபிரியாக் கரையோரத்தில் விளையும், தோடை இனத்தைச் சேர்ந்த ஒரு கனியின் தோலிலிருந்து அது பெறப்படுகிறது.

இருநூறு ஆண்டுகள் கழிந்தன. கொலோன் நீரைப் பூசியபின் வெயிலில் இருந்தோரின் தோலிற் கபிலநிறக் கறை படிவதை, 1916ஆம் ஆண்டில் பிரொயின்ட் என்னும் மருத்துவர் எடுத்துரைத்தார். 1925இல் ரோசென்தால் என்பவர் அதற்கு 'பெர்லொக்' எனப் பெயரிட்டார். தொங்கும் பதக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. காதின் பின்னும் கழுத்திலும் இட்ட நீர் வழிந்தோடிய தடத்திலேயே, பதக்கம் தொங்குவது போன்று கறை தோன்றிற்று. அழகு கருதி இட்ட நீர் மாதக்கணக்கில் மறையாத கறையை விட்டுச் சென்றது.

இதற்குக் காரணம் பேர்கமொட் எண்ணெயிலுள்ள பேர்கப்டன் என்னும் பொருளாகும். இரசாயன அறிஞர் 1830களிலேயே அதனைப் பிரித்தெடுத்திருந்தனர். ஆயினும், ஒளியோடு கூடித் தோலைத் தாக்குவது அவ்வினப் பொருள்களே என்பதை 1938இலேயே குஸ்கே என்னும் மருத்துவர் தெளிவுபடுத்தினார். வெயில் படாதவிடத்து அது இத்தீங்கினைச் செய்வதில்லை. ஞாயிற்றின் ஊதாக்கடந்த கதிர் பட்டதும், தோற் கலங்களின் பரம்பரைப் பொருளோடு பிணைந்து அவற்றை ஊறுபடுத்துகிறது. தோல் சிவக்கலாம், கொப்புளமும் எழலாம், பின்னர் நிறப்பொருள் மிகுந்து கருமை படியும். இது ஒவ்வாமையன்று. எண்ணெயும் வெயிலும் போதிய அளவிற் கூடினால் எவருக்கும் நேரக்கூடியது.

நம் மருந்துக் கடைகளில் விற்கும் கார்போகரிசியிலும் இவ்வினப் பொருள் உண்டு. அதனை வெண்புள்ளி நோய்க்கு இட்டு வெயிலிற் காயச் செய்வது பழைய மருத்துவ முறை. கழுத்திற் கறையெனக் கருதப்பட்ட அதே கருமை, வெளிறிய தோலுக்கு மருந்தாயிற்று.

1973இல் அமைந்த அனைத்துலக நறுமணப்பொருட் சங்கம், வெயில் படும் தோலிற் பூசும் பொருள்களில் பேர்கமொட் எண்ணெய் நூற்றுக்கு 0.4 பங்கினை மீறலாகாதென வரையறுத்தது. பேர்கப்டன் நீக்கிய எண்ணெயும் இன்று வழங்குகிறது. ஆயினும், முகப்பொலிவு வேண்டித் தேசிக்காயைத் தோலிற் தேய்த்துக்கொண்டு வெயிலிற் செல்வோர் நம்மிடையே உளர். தேசிக்காயிலும் இவ்வினப் பொருள் உண்டாதலால், அதனை நன்கு கழுவிய பின்னரே வெளியிற் செல்லுதல் நன்று.