வேர்ப்புழுக்களும் மண் நுண்ணுயிரிகளும்

பயிரின் வேரைத் தின்னும் பூச்சிகளில் பெரும்பாலானவை வண்டு, கூன்வண்டு, ஈ ஆகியவற்றின் இளம்புழுக்கள். கரும்பையும் நிலக்கடலையையும் காயவைக்கும் வெள்ளைப் புழு, மக்காச்சோள வேர்ப்புழு, முட்டைக்கோஸ் வேர் ஈ ஆகியவை இதில் பேர்போனவை. இவை நடமாடும் வேரடி மண்ணில் பாக்டீரியாவும் பூஞ்சையும் மண்டிக் கிடக்கின்றன. அவற்றில் சில புழுவைக் கொல்கின்றன, சில பயிருக்கு வலுவூட்டுகின்றன, இன்னும் சில புழுவின் குடலில் குடியேறி அதற்கே கைகொடுக்கின்றன. மண்ணில் உள்ள நுண்ணுயிரியெல்லாம் உழவருக்கு நண்பன் என்று சொல்லிவிட முடியாது.

கொல்லும் வகையில் ஒன்று மெட்டாரைசியம் என்ற பூஞ்சை. 1879இல் ஒடேசா வட்டாரத்தில் கோதுமையை நாசம் செய்த வண்டின் புழுக்களில் இதைக் கண்டு எழுதியவர் இலியா மெச்னிகோவ். வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்குவதைக் கண்டறிந்து 1908இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே. இப்பூஞ்சையைப் புழு தின்ன வேண்டியதில்லை, வித்து தோலில் ஒட்டினாலே போதும். அது முளைத்துத் தோலைத் துளைத்து உள்ளே பரவும். புழு செத்து விறைத்தபின் உடலின்மேல் பச்சைப் பொடியாக வித்துகள் படியும்.

இதே பூஞ்சை வேரிலும் ஒட்டி வாழ்கிறது என்பது வெகுகாலம் கவனத்துக்கு வரவில்லை. 2012இல் கனடா ஆய்வாளர்கள் அடையாளமிட்ட தழைச்சத்தைப் புழுக்களின் உடலில் செலுத்தி, வேர் நுழையாத நுண்வலைக்கு அப்பால் புதைத்தார்கள். கொன்ற புழுவிலிருந்து அந்தச் சத்தைப் பூஞ்சை இழைகள் பீன்ஸ் செடிக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தன. வேரைத் தின்ன வந்த பூச்சியே செடிக்கு உரமாகும் வழி இது.

மக்காச்சோளத்தின் கதை இன்னும் சிக்கலானது. வேரைப் புழு கடித்ததும் சில ரகங்கள் கேரியோஃபிலீன் என்ற மணப்பொருளை மண்ணில் கசியவிடுகின்றன. அதை மோப்பம் பிடித்து நுண்ணிய நூற்புழுக்கள் வந்து வேர்ப்புழுவின் உடலுக்குள் நுழைகின்றன. நூற்புழு தன் குடலில் சுமந்துவரும் ஃபோட்டோராப்டஸ் பாக்டீரியாவே உண்மையான கொலையாளி, ஓரிரு நாளில் வேலையை முடித்துவிடும். 2005இல் வெளியான இந்த ஆய்வு வேறொன்றையும் காட்டியது: வட அமெரிக்க ரகங்களில் பெரும்பாலானவை அந்த மணத்தை இழந்துவிட்டிருந்தன. விளைச்சலையே பார்த்து ரகம் தேர்ந்ததில் வேரின் குரல் யார் கணக்கிலும் வரவில்லை போலும். ஓரிகானோ செடியின் மரபணுவைச் சேர்த்து அந்த மணத்தை மீட்க முடியும் என்று 2009இல் வயல் சோதனையில் காட்டப்பட்டது.

வேர்ப்புழுவும் சும்மா இருக்கவில்லை. இல்லினாய் பகுதியில் உழவர்கள் ஓராண்டு மக்காச்சோளம், மறு ஆண்டு சோயா என்று மாற்றிப் பயிரிட்டு அதைப் பட்டினி போட்டுவந்தார்கள். வண்டுகளில் ஒரு வகை சோயா வயலிலேயே முட்டையிடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மக்காச்சோளம் முளைத்தபோது புழு மண்ணில் காத்திருந்தது. சோயா இலையின் தற்காப்புப் பொருளைத் தாங்கும் வலு அந்த வண்டுக்கு எங்கிருந்து வந்தது? குடல் பாக்டீரியாவுக்கு அதில் பெரும்பங்கு உண்டென்று 2013இல் தெரியவந்தது. நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தபோது வண்டின் தாக்குப்பிடிக்கும் திறன் குறைந்தது. முட்டைக்கோஸ் வேர் ஈயின் புழுவும் இதே வழிதான், அந்தக் குடும்பச் செடிகளின் காரநெடி நஞ்சை அதன் குடல் பாக்டீரியா சிதைத்துவிடுகிறது.

வேருக்குள் வாழ்ந்து பயிருக்கு வலுவூட்டும் வேர் உட்பூசணத்தின் நடத்தையும் ஒரே சீராக இல்லை. ஸ்ட்ராபெரி வேரில் ஒரே இனப் பூசணம் இருந்தபோது கூன்வண்டின் புழுக்கள் நலிந்தன. இரண்டு இனங்களைச் சேர்த்து இட்டபோது அந்தப் பலன் இல்லாமல் போனது. கலவை நுண்ணுயிர் உரம் வாங்குபவர்கள் இதை மனத்தில் வைப்பது நல்லது.

நடைமுறையில் சுவிட்சர்லாந்தில் பார்லி மணிகளில் வளர்த்த பியூவேரியா பூஞ்சையை மண்ணுக்குள் இட்டு வண்டுப்புழுவைக் கட்டுப்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் வெள்ளைப் புழுவுக்கு மெட்டாரைசியத்தைத் தொழுவுரத்தில் கலந்து இடுவது பரிந்துரை. மண்ணில் ஈரம் வேண்டும், பூஞ்சைக்கொல்லியோடு சேர்த்து இடக்கூடாது. நியூசிலாந்துப் புல்வெளிப் புழுவைத் தாக்கும் செராஷியா பாக்டீரியா, சில நாட்களிலேயே புழுவின் தீனியை நிறுத்திவிடும். ஆனால் புழு சாக ஒன்று முதல் மூன்று மாதம் வரை ஆகும். மருந்திட்ட மறுநாளே செத்த புழுவைத் தேடுபவருக்கு இம்முறைகள் ஒத்துவராது.