ஆரையம்பதி: முதுசொமும் முதுமையும்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, காத்தான்குடியை அடுத்து, வாவிக்கும் கடலுக்கும் நடுவே அமைந்தது ஆரையம்பதி. இப்பகுதியில் குடி எனும் குலப்பிரிவு தாய்வழியில் வரும். மகளின் கலியாணத்தோடு பெற்றோரின் வீடு சீதனமாகிவிடும். பெற்றோர் அதே வளவிலோ அயலிலோ சிறுவீட்டில் இருப்பர். முதுமையில் சோறும் துணையும் மகளிடமிருந்தே கிடைத்தன. எழுத்தில் இல்லாத இந்த ஏற்பாடு வலிமையானது. மகள் இல்லாதவருக்கோ அது போதவில்லை.

முன்னோர்வழி வந்த முதுசொம், தாமே தேடிய தேட்டம் எனச் சொத்தைப் பிரித்து, மட்டக்களப்பில் வழங்கிய முக்குவர் சட்டத்தைக் கிறிஸ்தோப்பர் பிரிட்டோ 1876இல் நூலாக்கினார். அவ்வாண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு முக்குவர் சட்டம் வழக்கொழிந்தது. மரணசாசனத்துக்கு அதற்கு முன்பே வழி இருந்தது. 1840இன் 7ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இல்லையெனில் ஐந்து சாட்சிகள். விரும்பியவருக்குச் சொத்தை எழுதும் உரிமையை 1844இன் சட்டம் தந்தது. வறியோர் துயர் நீக்குவதை 1917இன் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் தரும நோக்கமாக ஏற்றது. ஆகவே, ஒரு வளவையோ வயலையோ ஆதரவற்ற முதியோருக்கென எழுதிவைக்க நூறாண்டுக்கு மேலாகவே வழி உண்டு.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம், பெற்றோரைப் புறக்கணிக்கலாகாது எனப் பிள்ளைகளுக்கு விதித்தது. பிள்ளையற்ற, கைவிடப்பட்ட வறிய முதியோருக்கு உறைவிடம் அளிப்பதை அரசின் கடமையாக்கியது.