நான் திருடிய நாழிகைகள்

தேவனாம்பட்டினத்திற் பிறந்த சிறுவன் கோட்டையைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. கெடிலம் கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகே, புனித டேவிட் கோட்டையின் இடிந்த சுவர்கள் கிடக்கும். அவற்றின் நிழலே என் முதற் படிப்பறை. வலை உலர்த்தப் போவதாக வீட்டிற் சொல்லிவிட்டு, இடுப்பில் ஒரு புத்தகத்தைச் செருகிக்கொண்டு அங்கே போய்விடுவேன். வலையும் உலர்ந்தது, நானும் படித்தேன். இதிற் பொய் எங்கே இருக்கிறது என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டதுண்டு. இரவிற் படிப்பதற்கு வழி இல்லை. கட்டுமரம் ஏறிப் பிழைத்த என் தந்தையாருக்கு, மண்ணெண்ணெய் எரிவது காசு எரிவதாகவே தோன்றும். "விடிஞ்சா வெளிச்சம் சும்மா வருது, அப்போ படிடா" என்பார். விடிந்தாலோ கரையில் வேலை காத்திருக்கும்.

நான் நான்காம் பாரம் படித்த காலத்தில், 1950-களின் தொடக்கத்தில், நகரத்து நூலகம் ஒன்றில் நுழைந்தேன். அங்கே தடித்த ஆங்கில வரலாற்று நூல் ஒன்று இருந்தது. வீட்டிற்குத் தரமாட்டார்கள், அங்கேயே அமர்ந்து படிக்க வேண்டும். அகராதியின் துணையால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் நகர்ந்தால் அதிகம். அதில் 'தெக்னாபட்டம்' என்றொரு பெயர் அடிக்கடி வந்தது. ஏதோ ஐரோப்பிய நகரம் போலும் என்று எண்ணிக்கொண்டே பல பக்கங்களைக் கடந்தேன். ஒருநாள்தான் அது எங்கள் ஊரின் பெயர் என்பது விளங்கிற்று. தேவனாம்பட்டினம் அயலார் நாவிற் பட்ட பாடு அது! அன்று நூலகத்திலிருந்து ஓடியே வீடு சேர்ந்தேன். ஆனால் யாரிடம் சொல்வது?

அந்த நூல் சொன்ன செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1690-இல் ஆங்கிலக் கம்பெனியார் செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து இக்கோட்டையை விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எதுவரை சென்று விழுமோ, அதுவரை உள்ள நிலமும் அவர்களுக்கே என்பது பேச்சு. அவர்கள் இருப்பதிலேயே நெடுந்தூரம் எறியும் பீரங்கியைத் தேடிப் பிடித்தார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? அருகிலுள்ள குண்டு உப்பலவாடியின் பெயருக்கு இதனையே காரணமாகக் கூறுவர். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானதும் ஆங்கிலேயரின் தலைமையிடம் இங்கே மாறி, 1752 வரை இருந்தது. 1758-இல் லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினான்.

சென்னை வீழ்ந்தபோது மாறுவேடத்தில் தப்பி இக்கோட்டைக்கு வந்து சேர்ந்தவர்களுள் இராபர்ட் கிளைவும் ஒருவன். அவனுடைய சூழ்ச்சிகளையும் சூறையையும் நான் இங்கே போற்றப் போவதில்லை. என் கருத்தைக் கவர்ந்தது வேறொன்று. ஊரிற் பள்ளி மாற்றிப் பள்ளி அனுப்பியும் படியாத முரட்டுப் பிள்ளை அவன். 1744-இல் பதினெட்டு வயது எழுத்தனாகச் சென்னைக்கு வந்து, நண்பர் எவருமின்றி வாடினான். அப்போது ஆளுநர் தம்முடைய நூலகத்தை அவனுக்குத் திறந்துவிட்டார். அவன் வாழ்நாளிற் பெற்ற ஏட்டறிவு பெரும்பாலும் அந்தச் சில ஆண்டுகளில் அங்கே பெற்றதே என்று மெக்காலே எழுதுகிறார். அதற்கு முன் சோம்பல். அதன் பின் போர். கம்பெனியின் எழுத்தனுக்கு ஆளுநரின் கதவு திறந்தது; அந்நாளிற் கரையோரத்து மீனவச் சிறுவனுக்கு எந்தக் கதவு திறந்திருக்கும் என்று நான் எண்ணாமல் இல்லை.

கடலூர் மண்ணிலேயே வேறொரு சான்றும் உண்டு. 1934-இல் மஞ்சக்குப்பத்திற் பிறந்த ஜெயகாந்தன் தொடக்கப் பள்ளியோடு படிப்பை விட்டவர். விழுப்புரத்தில் மாமன் வீட்டிற் பாரதியைக் கற்றார். பின்பு சென்னையில் பொதுவுடைமைக் கட்சியினரோடு தங்கி, அச்சகத்திலும் பிழை திருத்தும் பணியிலும் உழைத்த நாள்களிலேயே படித்துக்கொண்டார். பின்னாளில் ஞானபீடப் பரிசு அவரைத் தேடி வந்தது. புதுமைப்பித்தனும் 1906-இல் எங்கள் திருப்பாதிரிப்புலியூரிற் பிறந்தவரே. இதனைச் சொல்லாமல் விட்டால் கடலூர்க்காரன் எவனும் என்னை மன்னிக்க மாட்டான்.

கொள்ளிடத்திற்கு அக்கரையில் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931-இல் நூலகத்திற்கென ஐந்து விதிகள் வகுத்தார். நூல்கள் பயன்படுவதற்கே என்பது முதல் விதி. அதன் விளக்கத்திலேயே, நூலகம் எந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும் என்பதையும் ஆராய்கிறார். படிப்பவனின் காலத்தை வீணாக்காதே என்பது நான்காம் விதி. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகச் சென்னை மாகாணத்தில் 1948-இல் பொது நூலகச் சட்டம் பிறந்ததில் அவருடைய உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. நான் நுழைந்த வாயில் அவ்வாறு வந்ததே. இவையெல்லாம் எனக்குப் பிற்காலத்தில்தான் தெரியும். அன்று தெரிந்தது ஒன்றே: நூலகர் மணி அடித்தால் புத்தகத்தை மூட வேண்டும்.

ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். நான் படிக்கும் நூலை மறுநாள் வேறு எவரும் எடுத்துவிடக் கூடாதென்று, மருத்துவ நூல்கள் இருந்த அடுக்கின் பின்புறம் அதனை ஒளித்துவைத்தேன். நாள்தோறும் எடுத்தேன், நாள்தோறும் ஒளித்தேன். பத்து நாள்கள் இவ்வாறு கழிந்தன.

ஒரு மாலையில், நூலகரின் மேசை அருகே கல்லூரி மாணவர் ஒருவர் நின்றிருந்தார். சட்டையின் தோளில் தையல் போட்டிருந்தது. அந்த நூலின் பெயரையே சொல்லிக் கேட்டார். "நாலாவது முறையா வரேன் ஐயா. நாளைக்குப் பரீட்சை" என்றார். நூலகர் அவரோடு எழுந்து வந்து, அடுக்கடுக்காகத் தேடினார். என்னையும் கேட்டார். தெரியாது என்றேன். நூல் அப்போது என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

மறுநாள் அதனை அதன் இடத்திலேயே வைத்துவிட்டு, அந்த அடுக்கிற்கு எதிரே பல மாலைகள் உட்கார்ந்திருந்தேன். அந்த மாணவர் மீண்டும் வரவே இல்லை.